குருளையர் படையில் பையனைச் சேர்க்கலாமா? பெற்றோருக்கு ஒரு முழு வழிகாட்டி

பள்ளி திறந்து சில வாரம் ஆனதும் பையன் புத்தகப் பையிலிருந்து கசங்கிப் போன ஒரு தாளை எடுத்து நீட்டுவான். "குருளையர் படையில் சேர விருப்பம் உள்ளவர்கள் பெற்றோர் கையொப்பத்துடன் வரவும்." அப்பா படித்துவிட்டு "என்னடா இது, என்.சி.சி. மாதிரியா?" என்பார். அம்மா "இதுக்கு வேற தனியா டிரஸ் தைக்கணுமா?" என்பார். இரண்டும் நியாயமான கேள்விதான். தொடக்கப் பள்ளியில் குருளையர் படை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன், கேட்க வேண்டிய முக்கியமான கேள்வி மூன்றாவது ஒன்று இருக்கிறது, அதைத்தான் யாரும் கேட்பதில்லை: இந்தப் படையை நடத்துவது யார்?

மற்ற எல்லாவற்றையும் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். சீருடை, பேட்ஜ், சான்றிதழ் எல்லாம் எல்லா ஊரிலும் ஒன்றுதான். ஆள் சரியாக இருந்தால் பையன் வாரம் தவறாமல் ஓடுவான், இல்லாவிட்டால் வெயிலில் "சாவ்தான், விஸ்ராம்" மட்டும் கற்றுக்கொண்டு வருவான். ஆகவே இந்த வழிகாட்டியில் அந்தப் பகுதிக்குத்தான் அதிக இடம் கொடுத்திருக்கிறேன்.

முதலில், இது என்ன அமைப்பு?

நம் ஊர்ப் பள்ளிகளில் "ஸ்கவுட்" என்று சொல்வது பெரும்பாலும் பாரத சாரண சாரணியர் இயக்கத்தை. தொடக்கப் பள்ளி வயதுப் பையன்கள் குருளையர், பெண் பிள்ளைகள் புல்புல் என்கிற நீலப்பறவையர். 10 வயதுக்கு மேல் சாரணர், சாரணியர். இன்னும் பெரியவர்களுக்குத் திரிசாரணர் பிரிவு உண்டு. உங்கள் பையன் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்குள் இருந்தால் அவன் குருளை. சிங்கக்குட்டி, புலிக்குட்டியைக் குருளை என்பார்களே, அதேதான்.

ஆங்கிலேய ராணுவ அதிகாரியான பேடன் பவல் 1907 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பிரவுன்சி தீவில் சுமார் 20 பையன்களை வைத்து நடத்திய முகாமிலிருந்து இந்த இயக்கம் தொடங்கியது. அண்ணன்மார் முகாமுக்குப் போவதைப் பார்த்து "நாங்களும் வருவோம்" என்று தம்பிகள் பிடித்த அடத்தில் 1916-ல் குருளையர் பிரிவு வந்தது. அதே 1916-ல் நம் சென்னையில் இன்னொன்று நடந்தது. அப்போதைய சாரணர் படைகள் வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கும் ஆங்கிலோ இந்தியப் பிள்ளைகளுக்கும்தான், நம் பிள்ளைகளைச் சேர்க்கவில்லை. அன்னி பெசன்ட், தன்னோடு பிரம்மஞான சபையில் இருந்த அருண்டேலுடன் சேர்ந்து இந்தியச் சிறுவர்களுக்கென்றே தனியாக ஒரு சாரணர் சங்கத்தைத் தொடங்கினார். தலையில் தலைப்பாகையோடு நம் பிள்ளைகள் அணிவகுத்தார்கள். அப்புறம் நாட்டில் தனித்தனியாக இருந்த சங்கங்கள் 1950 நவம்பர் 7-ம் தேதி ஒன்றாகச் சேர்ந்து பாரத சாரண சாரணியர் ஆனது. மறு வருஷம் பெண்கள் பிரிவும் இணைந்தது. நவம்பர் 7 அன்று பையன் சட்டையில் கொடி ஸ்டிக்கர் குத்திக்கொண்டு வந்தால் காரணம் இதுதான்.

என்.சி.சி. வேறு. அது பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் வருவது, எட்டாம் வகுப்பு வாக்கில் ஆரம்பிக்கும், ராணுவப் பயிற்சியின் சாயல் இருக்கும். ஜே.ஆர்.சி. செஞ்சிலுவைச் சங்கத்துடையது. குருளையர் படையில் துப்பாக்கியும் கிடையாது, கடுமையான டிரில்லும் கிடையாது. ஆறு வயசுப் பையனை அரை மணி நேரம் விறைப்பாக நிற்க வைக்கிற படை எதுவோ, அது குருளையர் முறையில் நடக்கவில்லை என்று அர்த்தம்.

படி 1: பக்கத்தில் படை இருக்கிறதா என்று கண்டுபிடிப்பது

பையன் படிக்கும் பள்ளியிலேயே இருந்தால் வேலை சுலபம், தலைமை ஆசிரியரைக் கேட்டால் போதும். இல்லாவிட்டால் மாவட்டச் சாரணர் சங்கத்தை அணுகுங்கள். இங்கே அந்தச் சங்கம் பள்ளிக் கல்வித் துறையோடு நெருங்கிய தொடர்பில் இயங்குவதால், மாவட்டக் கல்வி அலுவலகத்தில் "சாரணர் மாவட்டச் செயலர் யார்?" என்று கேட்டால் வழி சொல்வார்கள். கேந்திரிய வித்யாலயாவுக்கும் ரயில்வேக்கும் இந்த இயக்கத்தில் தனித்தனிப் பிரிவுகள் உண்டு. ரயில்வே குடியிருப்புக்குப் பக்கத்தில் இருப்பவர்கள் அங்கேயும் விசாரிக்கலாம்.

பள்ளி எதையும் சாராமல், ஊர்ப் பிள்ளைகளைச் சேர்த்து நடத்தும் குழுக்களும் உண்டு, ஓப்பன் குரூப் என்பார்கள். பெரிய ஊர்களில் தேடினால் கிடைக்கும். சில சமயம் பள்ளிப் படையைவிட இவை நன்றாகவே நடக்கும், ஏனென்றால் அங்கே வருகிற பெரியவர் விருப்பப்பட்டு வருகிறார், தலைமை ஆசிரியர் தலையில் கட்டியதால் வரவில்லை.

ஒன்றைக் கவனியுங்கள். ஸ்கவுட் என்ற பெயரில் வேறு அமைப்புகளும் நாட்டில் இருக்கின்றன. இந்துஸ்தான் ஸ்கவுட்ஸ் அண்ட் கைட்ஸ் தனி அமைப்பு. உலகச் சாரணர் அமைப்பில் இந்தியாவின் சார்பில் உறுப்பினராக இருப்பது பாரத சாரண சாரணியர். எதில் சேர்ப்பது என்பது உங்கள் விருப்பம், ஆனால் எதில் சேர்க்கிறோம் என்று தெரிந்து சேருங்கள். விண்ணப்பத் தாளின் தலைப்பில் என்ன அச்சிட்டிருக்கிறது என்று படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.

படி 2: படையை நடத்தும் ஆளைப் பாருங்கள்

குருளையர் ஆசிரியரைப் பிள்ளைகள் "அகேலா" என்று கூப்பிடுவார்கள். கிப்ளிங்கின் 'ஜங்கிள் புக்' கதையில் வரும் ஓநாய்க் கூட்டத்தின் தலைவன் பெயர் அது. பேடன் பவல் அந்தக் கதையைத்தான் குருளையர் பிரிவுக்கு அடித்தளமாக எடுத்துக்கொண்டார். பலூ, பகீரா என்று துணை ஆசிரியர்களுக்கும் பெயர் உண்டு. பெண்களும் குருளையர் படை நடத்தலாம், லேடி கப் மாஸ்டர் என்றே ஒரு பதவி இருக்கிறது (கப் என்றால் ஆங்கிலத்தில் குருளை). என் அனுபவத்தில் இந்த வயதுப் பிள்ளைகளுக்கு டீச்சர்கள் நடத்தும் படை பெரும்பாலும் நன்றாக அமைகிறது. அதற்காக ஆண்கள் நடத்தினால் சரியில்லை என்று சொல்ல வரவில்லை, நானே அந்த ரகம்தான்.

கையெழுத்துப் போடும் முன்னால் அவரை ஒரு முறை நேரில் போய்ப் பாருங்கள். கேட்கத் தயங்க வேண்டாம், நல்ல ஆசிரியர் இந்தக் கேள்விகளுக்குச் சந்தோஷப்படுவார்.

பயிற்சி எடுத்திருக்கிறாரா என்று முதலில் கேளுங்கள். அடிப்படைப் பயிற்சி ஒரு வாரம் தங்கிப் பெறுவது, அதன்பின் அட்வான்ஸ்டு, அதையும் தாண்டினால் ஹிமாலய உட் பேட்ஜ். உட் பேட்ஜ் முடித்தவர் கழுத்தில் தோல் கயிற்றில் இரண்டு மரமணிகள் தொங்கும். மணி இல்லாவிட்டால் குறையொன்றும் இல்லை, அடிப்படைப் பயிற்சியாவது முடித்திருக்க வேண்டும். அதுவும் குருளையர் பிரிவுக்கான பயிற்சி. பெரிய பையன்களுக்கான சாரண ஆசிரியர் பயிற்சியை மட்டும் முடித்தவருக்கு ஏழு வயசுப் பிள்ளையை எப்படி உட்கார வைப்பது என்று தெரிந்திருக்க அவசியம் இல்லை.

அடுத்தது, கூட்டம் நடக்கும்போது இன்னொரு பெரியவர் இருப்பாரா? இதில் விட்டுக்கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளையோடு ஒரு பெரியவர் மற்றவர் கண்ணில் படாத இடத்தில் தனியாக இருக்கக் கூடாது, அவ்வளவுதான் விதி. உலகச் சாரணர் அமைப்பே 'சேஃப் ஃப்ரம் ஹார்ம்' என்ற பெயரில் பிள்ளைகள் பாதுகாப்புக்கு ஒரு கொள்கை வைத்திருக்கிறது. "சார், உங்கள் படையில் இதற்கு என்ன ஏற்பாடு?" என்று நேராகக் கேட்டுவிடுங்கள். முகம் சுளித்தாலோ, "என்மேல நம்பிக்கை இல்லையா" என்று கோபித்தாலோ, எழுந்து வந்துவிடலாம். நல்லவரா கெட்டவரா என்று முகத்தைப் பார்த்து யாராலும் சொல்ல முடியாது, ஏற்பாட்டை மட்டும்தான் நம்ப முடியும். குழந்தைகள் உதவி எண் 1098 என்பதைப் பையனுக்கும் மனப்பாடம் செய்து கொடுத்து வையுங்கள், இந்தப் படைக்காக மட்டும் இல்லை, எல்லாவற்றுக்கும்.

அப்புறம் நாளும் நேரமும். வாரத்தில் எந்த நாள், எத்தனை மணிக்கு, எங்கே? "அப்பப்போ கூப்பிடுவோம்" என்று பதில் வந்தால் அது குடியரசு தினப் படை. ஜனவரி 26, ஆகஸ்ட் 15, ஆண்டு விழா என்று வி.ஐ.பி. வரும்போது மட்டும் சீருடை போட்டு வரிசையில் நிற்க வைப்பார்கள், மீதி நாளெல்லாம் படை என்று ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது. இப்படிப்பட்ட படைகள் ஏராளம். பிள்ளைக்குக் கிடைப்பது ஒரு போட்டோவும், வெயிலில் மயக்கமும்.

கடைசியாக, ஒரு படையில் எத்தனை பிள்ளைகள்? குருளையர் படை ஆறு ஆறு பேராகப் பிரியும். நான்கு ஆறுகள் சேர்ந்து 24 பேர், அதுதான் உச்சம். ஒரே ஆசிரியர் 60 பிள்ளைகளை வைத்துக்கொண்டு நிற்கிறார் என்றால் அவரைத் திட்ட வேண்டாம், பாவம், பள்ளி நிர்வாகம் பண்ணுகிற வேலை அது. ஆனால் உங்கள் பையன் பெயர்கூட அவருக்குத் தெரியப் போவதில்லை.

படி 3: ஒரு கூட்டத்தை ஓரமாக நின்று பாருங்கள்

சேர்ப்பதற்கு முன் ஒரு கூட்டத்தைப் பார்க்க அனுமதி கேளுங்கள். மரத்தடியில் நின்று பார்த்தால் போதும், பையனை உடன் கூட்டிப் போங்கள்.

ஒழுங்காக நடக்கும் கூட்டம் ஏறக்குறைய இப்படிப் போகும். பிள்ளைகள் வட்டமாக நிற்பார்கள். அகேலா நடுவில். எல்லோரும் குந்தி உட்கார்ந்து ஓநாய்க்குட்டிகள் மாதிரி ஊளையிட்டு ஒரு முழக்கம் போட்டுத் துள்ளி எழுவார்கள், கிராண்ட் ஹவுல் என்பது இதுதான். முதல் முறை பார்க்கும் தாத்தா பாட்டிகள் கொஞ்சம் பயந்து போவார்கள். பிறகு கொடியேற்றம், பிரார்த்தனை. அப்புறம் சோதனை: நகம் வெட்டியிருக்கிறதா, கைக்குட்டை இருக்கிறதா, காதுக்குப் பின்னால் அழுக்கா. ஒவ்வோர் ஆறுக்கும் சிக்ஸர் என்று ஒரு பிள்ளைத் தலைவன் உண்டு, அவனுக்குத் துணையாகச் செகண்ட். நல்ல படையில் சோதனையின் முதல் சுற்றை சிக்ஸரே செய்வான். ஒன்பது வயசுப் பையன் ஏழு வயசுப் பையனின் கையைத் திருப்பிப் பார்த்து "நாளைக்கு வெட்டிட்டு வாடா" என்று சொல்வதில் இருக்கிற கம்பீரத்தைப் பார்க்கவே ஒரு முறை போகலாம்.

அதன்பின் விளையாட்டு, கதை, பாட்டு, ஏதாவது ஒரு கைவேலை. கிம்ஸ் கேம் என்று ஒன்று உண்டு. தட்டில் சாவி, பொத்தான், புளியங்கொட்டை, பேனா மூடி, பத்து ரூபாய் நாணயம் என்று இருபது சொச்சம் சாமான்களைப் பரப்பி, ஒரு நிமிஷம் பார்க்கவிட்டுத் துணியால் மூடிவிடுவார்கள். எத்தனை ஞாபகம் இருக்கிறதோ அத்தனையும் சொல்ல வேண்டும். வகுப்பில் முதல் ரேங்க் வாங்கும் பையன் தடுமாறுவான், கடைசி பெஞ்சுக்காரன் பொத்தானில் எத்தனை ஓட்டை என்பதுவரை சொல்வான்.

முடிச்சு கற்றுக்கொடுப்பதையும் கவனியுங்கள். பிள்ளைகளுக்கு முதலில் வருவது ரீஃப் நாட். வலது கைக் கயிற்றை இடதின் மேல் போட்டு ஒரு சுற்று, அப்புறம் இடது கைக் கயிற்றை வலதின் மேல் போட்டு ஒரு சுற்று. இரண்டு தடவையும் ஒரே பக்கமாகச் சுற்றிவிட்டால் முடிச்சு கோணலாக நிற்கும், இழுத்தால் வழுக்கும். சரியாகப் போட்டது தட்டையாகப் படுக்கும், அதனால்தான் காயத்துக்குக் கட்டுப் போட அதைப் பயன்படுத்துகிறார்கள். நல்ல ஆசிரியர் இரண்டு நிறக் கயிறு கொடுத்திருப்பார், எது எதன்மேல் போகிறது என்று பிள்ளைக்குக் கண்ணால் தெரியும். கரும்பலகையில் முடிச்சுப் படம் வரைந்து நோட்டில் எழுதச் சொல்கிறார் என்றால், அங்கே இன்னொரு பாட வேளைதான் நடக்கிறது.

நீங்கள் பார்க்க வேண்டியது ஒன்றே ஒன்று: பிள்ளைகள் சிரிக்கிறார்களா? யாராவது ஒரு பையன் தனியாக ஓரத்தில் நின்றால் அவனை ஆசிரியரோ சிக்ஸரோ கவனித்து உள்ளே இழுக்கிறார்களா? பிரம்பு கண்ணில் பட்டால் திரும்பிப் பார்க்காமல் வீட்டுக்கு வந்துவிடுங்கள்.

படி 4: விண்ணப்பம், பணம், சீருடை

விண்ணப்பத்தில் ரத்த வகை, அலர்ஜி, வீசிங், வலிப்பு எல்லாவற்றையும் மறைக்காமல் எழுதுங்கள். "எழுதினா சேர்த்துக்க மாட்டாங்க" என்று பயந்து மறைக்கிற பெற்றோர் இருக்கிறார்கள். வெளியூர் போகும்போது இன்ஹேலர் எந்தப் பையில் இருக்கிறது என்று தெரியாமல் தவிப்பது அந்தப் பிள்ளைதான். இரண்டு தொலைபேசி எண் கொடுங்கள், இரண்டும் அப்பாவுடையதாக வேண்டாம்.

பணத்தைப் பொறுத்தவரை, ஆண்டு பதிவுக் கட்டணம் என்று ஒரு சிறு தொகை உண்டு. எதற்குப் பணம் கேட்டாலும் ரசீது கேளுங்கள். குழு ஆண்டுதோறும் மாவட்டச் சங்கத்தில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பித்தாயிற்றா என்று கேட்பது உங்கள் உரிமை. பதிவு விட்டுப்போனால் பிறகு பையன் தேர்வுகளுக்குப் போகும்போதுதான் சிக்கல் தெரியும்.

சீருடையை முதல் வாரமே தைக்க ஓடாதீர்கள். உறுதிமொழி ஏற்பு விழா முடிந்தபின் முறைப்படி அணிவதுதான் வழக்கம், அதற்குள் பையனுக்கு ஆர்வம் நிலைக்கிறதா என்றும் தெரிந்துவிடும். தைக்கும்போது இடுப்பிலும் நீளத்திலும் உள்ளே மடிப்பு விட்டுத் தைக்கச் சொல்லுங்கள். சின்னங்கள் எந்தக் கையில் எந்த உயரத்தில் வர வேண்டும் என்று கணக்கு இருக்கிறது, ஆசிரியரைக் கேட்காமல் டெய்லரிடம் விட்டால் பிரித்துத் தைக்க வேண்டியிருக்கும்.

கழுத்தில் கட்டும் ஸ்கார்ப் ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு நிறம். வாகிள் என்ற வளையத்தில் அதைக் கோத்து விடுவார்கள். அழகுக்காக மட்டும் என்று நினைக்க வேண்டாம், முக்கோணத் துணியாக அது இருப்பதால் கை ஒடிந்தால் தூளி கட்டலாம், தலையில் அடிபட்டால் கட்டுப் போடலாம். ஆகவே பாலியஸ்டரில் வழுவழுவென்று இருப்பதைவிட நல்ல பருத்தித் துணியில் கிடைத்தால் வாங்குங்கள்.

படி 5: முதல் சில மாதங்கள்

சேர்ந்தவுடன் பிரவேஷ் என்ற நுழைவுப் பயிற்சி. உறுதிமொழி, குருளையர் விதி, வணக்கம், இடது கைக் குலுக்கல், கொடியைப் பற்றிக் கொஞ்சம், தேசிய கீதம். ஆம், சாரணர்கள் இடது கையால்தான் கை குலுக்குவார்கள், உலகம் முழுக்க. வீட்டுக்கு வந்த பெரியப்பாவுக்குப் பையன் இடது கையை நீட்டினால் அவர் கோபித்துக்கொள்ளலாம், முன்கூட்டியே சொல்லி வையுங்கள்.

குருளையர் விதி இரண்டே வரிதான்: பெரியவர் சொல்லுக்கு மதிப்புக் கொடுப்பது, சுத்தமாகவும் பணிவாகவும் இருப்பது. உறுதிமொழியில் கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை செய்ய முயல்வேன், தினமும் ஒரு நற்செயல் செய்வேன் என்று வரும். கடவுள் நம்பிக்கை இல்லாத வீட்டுப் பெற்றோர் இந்த இடத்தில் தயங்குவதைப் பார்த்திருக்கிறேன். 'கடவுள்' என்பதற்குப் பதில் 'தர்மம்' என்று சொல்லிக்கொள்ள இயக்கத்தின் விதியே இடம் கொடுக்கிறது. ஆசிரியரிடம் முன்பே சொல்லிவிட்டால் விழாவில் சங்கடம் இருக்காது.

பிரார்த்தனைப் பாடலும் கொடிப் பாடலும் இந்தியில் இருக்கும். பிள்ளைகள் அர்த்தம் தெரியாமல் காதால் கேட்டே பாடிவிடுவார்கள், அதில் பாதி வார்த்தை அவர்கள் சொந்தத் தயாரிப்பாக இருக்கும். அர்த்தத்தைத் தமிழில் சொல்லிக்கொடுக்கச் சொல்லி ஆசிரியரைக் கேளுங்கள். என்ன பாடுகிறோம் என்று தெரியாமல் கை கூப்பி நிற்பதில் எனக்கு உடன்பாடு இல்லை.

தினம் ஒரு நற்செயல் என்பதுதான் வீட்டில் பார்க்கக்கூடிய மாற்றம். பாட்டிக்குக் கண்ணாடி தேடிக் கொடுப்பது, தண்ணீர்க் குழாயை மூடுவது, மாடிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவது, இவ்வளவுதான். நற்செயல் செய்யும் வரை ஸ்கார்ப் நுனியில் ஒரு முடிச்சு போட்டு வைத்திருப்பது பழைய வழக்கம். இதை நோட்டுப் போட்டு "இன்னிக்கு என்ன பண்ணே, எழுது" என்று நீங்கள் துரத்தினால் மூன்றாம் நாளே கதை கட்ட ஆரம்பிப்பான். கண்டும் காணாமல் இருங்கள்.

படி 6: பேட்ஜ் ஏணி

பிரவேஷுக்கு அடுத்து பிரதம் சரண், த்விதீய சரண், த்ருதீய சரண், சதுர்த் சரண் என்று நான்கு படிகள். அதற்கும் மேலே கோல்டன் ஆரோ. ஒவ்வொன்றுக்கும் இடையில் குறிப்பிட்ட காலம் பையன் படையில் இருந்து செய்து காட்ட வேண்டும். நாலாம் வகுப்பில் சேர்ந்த பையனுக்குக் கோல்டன் ஆரோ வரைக்கும் போக நேரம் போதாமல் போகலாம். போகட்டும். அதற்காக அவனை அவசரப்படுத்தாதீர்கள், ஆசிரியரையும் நச்சரிக்காதீர்கள்.

நம் ஊர்ப் பெற்றோர்கள் சறுக்குவது இங்கேதான். பேட்ஜுக்காகச் செய்யச் சொன்ன கைவேலையை அம்மாவே ராத்திரி உட்கார்ந்து பளபளவென்று செய்து அனுப்புவார். தீக்குச்சியில் கட்டிய வீடு நிமிர்ந்து நிற்கும், பையனைக் கேட்டால் பசை எங்கே வாங்கினது என்றுகூடத் தெரியாது. பிள்ளை ஒட்டியது கோணலாக இருந்தால் இருக்கட்டும், ஆசிரியருக்கு வேண்டியதும் அந்தக் கோணல்தான்.

"இதனால் பின்னாடி என்ன பயன்?" என்று அப்பாக்கள் கேட்பார்கள். உண்மையைச் சொல்கிறேன். குருளையர் சான்றிதழைக் காட்டி எங்கும் வேலை வாங்க முடியாது. பெரியவனாகிச் சாரணராகத் தொடர்ந்து ராஜ்ய புரஸ்கார், ராஷ்டிரபதி விருது என்று போனால், ரயில்வேயில் சாரணர் ஒதுக்கீட்டில் விண்ணப்பிக்க அது உதவும், ஆனால் அதற்கு வேறு நிபந்தனைகளும் உண்டு, இடங்களும் கொஞ்சம்தான். ஏழு வயசில் அதை மனதில் வைத்துக்கொண்டு சேர்ப்பது வீண்.

படி 7: வெளியே கூட்டிப் போகும்போது

ஏரிக்கரை, பூங்கா, தபால் நிலையம், தீயணைப்பு நிலையம் என்று குருளைகளை வெளியே கூட்டிப் போவார்கள். ஜம்போரி என்கிற, பல ஊர்ச் சாரணர்கள் கூடும் பெரிய முகாம் குருளைகளுக்கு இல்லை. 2025 ஜனவரி கடைசியில் மணப்பாறையில் நடந்ததே வைர விழா ஜம்போரி, அதெல்லாம் சாரணர், சாரணியருக்கு. குருளைகளுக்கும் நீலப்பறவைகளுக்கும் உத்சவ் என்று தனியாக நடக்கும்.

எங்கே போவதாக இருந்தாலும் எழுத்தில் அனுமதிக் கடிதம் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். எந்த வண்டி, எத்தனை பெரியவர்கள் கூட வருகிறார்கள், திரும்பும் நேரம், முதலுதவிப் பெட்டி யார் கையில். தண்ணீர் இருக்கும் இடம் என்றால் பிள்ளைகள் இறங்குவார்களா மாட்டார்களா என்று முன்கூட்டியே தெளிவாகக் கேட்டுவிடுங்கள். ஆறு, குளம், கிணறு என்றால் நான் இறக்குவதே இல்லை, கரையில் நின்று மீன் பார்த்தால் போதும்.

இரவு தங்குவது என்றால் இன்னும் கொஞ்சம். பிள்ளைகளும் பெரியவர்களும் தூங்கும் இடம் எப்படிப் பிரிந்திருக்கிறது என்று கேளுங்கள். பையன் இன்னும் படுக்கையில் சிறுநீர் கழிப்பவனாக இருந்தால் ஆசிரியரிடம் தனியாகச் சொல்லுங்கள், வெட்கப்பட ஒன்றும் இல்லை, நாங்கள் தூங்கப் போகும் முன் அவனை எழுப்பி ஒரு தடவை கூட்டிப் போவோம், மற்ற பிள்ளைகளுக்குத் தெரியாமல் முடிந்துவிடும். பையைப் பையனே அடுக்கட்டும். நீங்கள் அடுக்கிய பையில் துண்டு எங்கே இருக்கிறது என்று அவனுக்குத் தெரியாது. எல்லாவற்றிலும் பெயர் எழுதுங்கள், குறிப்பாகத் தண்ணீர் பாட்டிலில். செல்போன் கொடுத்து அனுப்ப வேண்டாம். ராத்திரி ஒன்பது மணிக்கு அம்மா குரலைக் கேட்டதும் அதுவரை விளையாடிக்கொண்டிருந்தவன் அழ ஆரம்பிப்பான், அவனைப் பார்த்து மீதிப் பேரும்.

படி 8: நீங்கள் என்ன செய்யலாம்

நல்ல குழுவில் பெற்றோர் கூட்டம் வைப்பார்கள், குழுக் கமிட்டியில் பெற்றோருக்கும் இடம் உண்டு. போங்கள். நீங்கள் நர்ஸாக இருந்தால் ஒரு நாள் வந்து முதலுதவி சொல்லிக்கொடுக்கலாம். எலக்ட்ரீஷியனாக இருந்தால் எந்தக் கம்பியைத் தொடக் கூடாது என்று காட்டலாம். தபால்காரர், பேருந்து நடத்துநர், விவசாயி, யார் வந்தாலும் பிள்ளைகள் வாய் பிளந்து கேட்பார்கள். பணம் கொடுப்பதைவிட இது பெரிய உதவி, ஏனென்றால் வாராவாரம் புதிதாக என்ன செய்வது என்று யோசித்து யோசித்து ஆசிரியருக்கு மண்டை காய்ந்துபோயிருக்கும்.

கூட்டம் நடக்கும்போது மட்டும் உள்ளே வராதீர்கள். வேலிக்கு அப்பால் நின்று "கண்ணா, சட்டையை உள்ள விடு" என்று குரல் கொடுக்கும் தாய்மார்களுக்குக் கையெடுத்துக் கும்பிட்டுச் சொல்கிறேன், அவன் சிக்ஸர் பார்த்துக்கொள்வான்.

சில பிள்ளைகளுக்கு இது பிடிக்காது. கூச்சமாக இருக்கலாம், கூட்டம் ஒத்துக்கொள்ளாமல் இருக்கலாம், கிரிக்கெட்டில் மனது இருக்கலாம். நாலைந்து கூட்டம் போன பிறகும் அன்றைக்குக் காலையில் வயிற்றுவலி வந்தால் விட்டுவிடுங்கள். ஆனால் நன்றாகப் போய்க்கொண்டிருந்தவன் திடீரென்று "நான் போகமாட்டேன்" என்றால் விஷயம் வேறு. அதட்டாமல், அவசரப்படாமல், பக்கத்தில் உட்கார்ந்து என்ன நடந்தது என்று கேளுங்கள். அவன் சொல்வதை நம்புங்கள்.

10 வயது ஆகும்போது

குருளை சாரணராக மேலே போவதற்கு ஒரு சிறு சடங்கு உண்டு. இந்தப் பக்கம் குருளையர் படை, அந்தப் பக்கம் சாரணர் படை, நடுவில் பையன் நடந்து போவான். அங்கே ஒரு சாரணர் அணியின் தலைவன் கை கொடுத்து வாங்கிக்கொள்வான். ஆறாம் வகுப்புக்கு வேறு பள்ளி மாறும் பிள்ளைகளுக்குப் பல சமயம் இது நடக்காமலே போய்விடுகிறது, தொடக்கப் பள்ளியில் நாலு வருஷம் ஓடியவன் புதுப் பள்ளியில் படை இருக்கிறதா என்றுகூட விசாரிக்காமல் நின்றுவிடுகிறான்.

ஆகவே ஐந்தாம் வகுப்பு முடிவதற்குள், ஏப்ரலுக்கு முன்னாலேயே, புதுப் பள்ளியில் சாரணர் படை உண்டா, சாரண ஆசிரியர் யார் என்று கேட்டு வையுங்கள். இல்லையென்றால் மறுபடியும் மாவட்டச் செயலரிடம் போய் பக்கத்து ஓப்பன் குரூப்பை விசாரியுங்கள். அகேலாவிடம் பையனின் முன்னேற்ற அட்டையையும், இதுவரை வாங்கிய சான்றிதழ்களையும் கையோடு கேட்டு வாங்குங்கள். வாங்கிய அன்றே ஒரு நகல் எடுத்துவிடுங்கள், பள்ளி மாறும் அலைச்சலில் மாற்றுச் சான்றிதழ் பத்திரமாக இருக்கும், தொலைவது இந்த அட்டைதான்.